இருமுறை திருப்பி அனுப்பப்பட்ட பெரிய நாய்: எடுத்து வளர்க்கலாமா?

பனைமர நிழல் (உச்சிப்புளி), ஜனவரி 19

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் மதுரைப் பக்கம் ஒரு விலங்குகள் காப்பகத்துக்குப் போயிருந்தோம். குட்டி நாய் ஒன்று எடுத்து வரலாம் என்றுதான் புறப்பட்டோம். பதினொரு வயது மகள் குட்டிகள் இருந்த பக்கமே போகவில்லை. கடைசிக் கூண்டில் நின்ற வெள்ளை நாயின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ராஜபாளையம் கலப்பு என்றார்கள். இரண்டு வயது ஆண், முப்பது கிலோ இருக்கும். எழுந்து நின்றால் முன்னங்கால் என் தோளில் படுகிறது. நான்கு எட்டு ஓடுவது, திரும்புவது, மறுபடி ஓடுவது. நாங்கள் இருந்த அரை மணி நேரமும் அவன் நிற்கவே இல்லை. தூண்டிலில் மாட்டிய பாறை மீன் வெட்டி வெட்டித் திரும்புமே, அப்படி. மகள் அங்கேயே ‘பாறை’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

இரண்டு குடும்பங்கள் எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கின்றன. இருவரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: சொன்ன சொல் கேட்பதில்லை, அடங்குவதில்லை.

எங்களுக்குச் சொந்த வீடு, அறுபது சென்ட் பனந்தோப்பு, சுற்றிலும் பனைமட்டை வேலி. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இடுப்பு வலிக்காரர். அக்கம்பக்கத்தில் நான்கு வீடுகளில் ஆடு வளர்க்கிறார்கள். ரயில் பாதையும் தூரமில்லை. சிறுவயதில் தெருநாய்க்குச் சோறு வைத்ததைத் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது. இடம் இருக்கிறது, மனம் இருக்கிறது. அது போதுமா? தயங்காமல் சொல்லுங்கள்.

வாடைக்காற்று (பாம்பன்), ஜனவரி 19

போதாது. எடுக்காதீர்கள்.

கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ராஜபாளையம் வளர்த்தவன். முதல் ஓராண்டு தினமும் மாலையில் கடற்கரையில் ஓடினோம். அதுபோல ஒரு நாயை நான் பார்த்ததில்லை. பிறகு எனக்கு வேலை மாறியது, வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆனது. ஆறடிச் சங்கிலியில் கட்டினேன். ஆறே மாதத்தில் அவன் தன் வாலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டான். சங்கிலி எட்டும் தூரம் வரை சுற்றிச் சுற்றி வந்து வாசல் மண் வட்டமாகக் குழிந்துவிட்டது. ஐப்பசி மழையில் அந்த வட்டத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. ஒரு நாள் சோறு வைக்கப் போன என் தம்பியின் கையைக் கவ்வினான். தோட்டக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு நான் நாய் வளர்க்கவில்லை.

எப்போதும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்குத் தேவையான ஓட்டம் கொடுக்காமல் விடுவதை 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், வதை என்றே சொல்கிறது. அதை நான் பின்னால்தான் படித்தேன். என்னைப் பற்றி எழுதிவைத்தது போல இருந்தது.

அறுபது சென்ட் இருக்கிறது என்கிறீர்கள். தோப்பில் தனியாக விட்ட நாய் ஓடாது. வாசற்படியில் படுத்து நீங்கள் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இடம் ஓட்டாது, ஆள்தான் ஓட்ட வேண்டும். காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம், பத்து வருடம். மழையிலும், காய்ச்சலிலும், வீட்டில் விசேஷம் என்றாலும். முடியுமா என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள், மகளைக் கேட்காதீர்கள்.

வைகைக்கரை (மதுரை), ஜனவரி 20

காப்பகங்களில் ஏழு ஆண்டுகளாக உதவி செய்து வருகிறேன். வாடைக்காற்று அண்ணன் சொன்ன வலி உண்மை. ஆனால் அவர் சொல்வது நாயைக் கட்டிப்போட்டதன் கதை, நாய் எடுத்ததன் கதை அல்ல.

கூண்டில் பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். கூண்டில் சுழலும் நாய் வெளியே வந்து அரை மணி நேரம் மண்ணை மோந்தால் வேறு நாயாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னும் இரண்டு முறை போங்கள். கயிற்றில் பிடித்து வெளியே நடத்துங்கள். ஒரு முறை அம்மாவையும் அழைத்துப் போங்கள். தட்டில் சோறு இருக்கும்போது அருகில் போனால் உறுமுகிறதா, ஆட்டைக் கண்டால் என்ன செய்கிறது, இனப்பெருக்கத் தடை அறுவை சிகிச்சை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். முக்கியமாக, முதலில் இரண்டு வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கிறோம் என்று கேளுங்கள். நல்ல காப்பகம் மறுக்காது.

வளர்ந்த நாயை எடுப்பதில் ஒரு நன்மை உண்டு. குட்டி என்னவாக வளரும் என்று எவராலும் சொல்ல முடியாது. இவன் எவ்வளவு பெரியவன், எப்படிப்பட்டவன் என்பது இப்போதே கண்முன் நிற்கிறது.

வெள்ளாட்டு வைத்தியர் (ராமநாதபுரம்), ஜனவரி 20

கால்நடை மருத்துவத் துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தடுப்பூசி விவரங்களை எழுத்தில் வாங்குங்கள். வெறிநோய்க்கானது ஒன்று, டிஸ்டெம்பர், பார்வோ முதலான நாய் நோய்களுக்கான கூட்டு ஊசி ஒன்று. வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் வேறு நாய்களோடு சேர்க்க வேண்டாம், நோய் உள்ளே இருந்து வெளியே தெரியும் காலம் அது. உங்கள் பக்கம் ஆடு இருப்பதால் உண்ணியும் இருக்கும், உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்த்துவிடுங்கள். ஆட்டுக்கு வாங்கிவைத்த பூச்சி ஊசியை அளவு தெரியாமல் நாய்க்குப் போடாதீர்கள். அப்படிப் போட்டுத் துடித்த நாய்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் பதிவில் என்னை நிறுத்தியது வேறொன்று. வெள்ளை நிறம், ராஜபாளையம், சொன்ன சொல் கேட்பதில்லை. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் நான் முதலில் காதைத்தான் பார்ப்பேன். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு தெரிந்த விஷயம். நிறம் தரும் உயிரணுக்கள் தோலில் மட்டும் இல்லை, உள்காதிலும் உண்டு. அங்கே அவை இல்லாமல் போனால் ஓசையை உணரும் அணுக்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும்.

சோதிப்பது எளிது, ஆனால் கூண்டு வரிசையில் சோதிக்காதீர்கள். பக்கத்து நாய் தலை தூக்கினால் செவிட்டு நாயும் தூக்கும். தனி அறையில், அவன் வேறு பக்கம் பார்க்கும்போது, பின்னால் எட்டடி தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள், விசில் அடியுங்கள். காலைத் தட்டாதீர்கள், தரை அதிர்வது தெரிந்துவிடும். உங்கள் நிழலும் அவன் முன்னால் விழக் கூடாது.

கரைவலை (மண்டபம்), ஜனவரி 20

கடற்கரைக்குக் கூட்டி வருவதாக இருந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலையில் வரும் பேத்தை மீனை நாங்கள் கரையிலேயே எறிந்துவிடுவோம். ஊதிக்கொண்டு பந்து போலக் கிடக்கும், நாய் ஓடிப்போய்க் கவ்வும். அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது. அதைத் தின்று கால் இழுத்துச் செத்த நாயைப் பார்த்திருக்கிறேன். தூண்டில் முள் கிடக்கும், சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கியிருக்கும். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்தால் பேதியாகும், குடிதண்ணீரைக் கையில் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, இப்போது ஆமை முட்டையிடும் காலம். பங்குனி வரை இருக்கும், அதனால்தான் அதற்குப் பங்குனி ஆமை என்றே பெயர். தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் நாய்கள் குழி தோண்டி முட்டையைத் தின்றுவிடுகின்றன. வனத்துறை ஆட்கள் இரவெல்லாம் நடந்து முட்டையை எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் வைப்பதே அதற்காகத்தான். அந்தக் கரையில் நாயை அவிழ்த்து விடாதீர்கள். வடக்குக் கரையில் அரியமான் பக்கம் விடியற்காலையில் வாருங்கள், கயிற்றோடு.

நவபாஷாணத் தெரு (தேவிபட்டினம்), ஜனவரி 21

அம்மாவை நினைத்துத்தான் எழுதுகிறேன். என் மாமியார் நாய் மேலே தாவியதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கையில் இருந்தார். அது கடிக்க வந்த நாய் இல்லை, பிரியத்தில் தாவிய நாய். முதல் மாதம் வீட்டுக்குள்ளும் கயிறு இருக்கட்டும். அம்மா நடமாடும் நேரத்தில் அது ஒருவர் கையில் இருக்கட்டும். தாவினால் திட்டாதீர்கள், தள்ளாதீர்கள். இரண்டும் அதற்கு விளையாட்டுத்தான். திரும்பி நின்றுவிடுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட நொடியில் ஒரு துண்டு தின்பண்டம், அதுவும் கீழே, தரையில்.

முத்துச்சிப்பி (கீழக்கரை), ஜனவரி 21

அண்ணன், உங்கள் தெருவில் தொழுகைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களா? நாயின் எச்சில் உடையில் பட்டால் அவர்கள் கழுவிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். நாய் மேல் வெறுப்பு இல்லை, அது எங்கள் ஒழுங்கு. நாங்கள் பூனைக்கும் நாய்க்கும் தண்ணீர் வைக்கிற வீடுதான். தொழுகை நேரத்தில் சந்தில் எதிரே வந்தால் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து ஓரமாக நில்லுங்கள். முன்கூட்டியே நான்கு வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

பனைமர நிழல், ஜனவரி 26

டாக்டர் ஐயா, நேற்றுப் போனோம். ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். சாவிக்கொத்து, விசில், எவர்சில்வர் தட்டில் கரண்டி. காது மடல்கூட அசையவில்லை. களைத்துப் படுத்துக் கண் மூடியபின் பெயர் சொல்லிக் கத்திப் பார்த்தோம். வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மகள் மூக்கருகே கையை நீட்டினாள். வாசனை பட்டதும் எழுந்து அவள் கையை நக்கினான்.

அங்கே வேலை செய்யும் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். “எட்டு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனே” என்றார். சோற்று வாளி வரும்போது எல்லா நாய்களோடும் சேர்ந்து இவனும் குதிப்பான், அதனால் எவருக்கும் தெரியவில்லை.

சொன்ன சொல் கேட்கவில்லை என்று இரண்டு வீட்டில் அடி வாங்கியிருக்கிறான். எங்களால் அதைத் தாங்க முடியவில்லை. எடுக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

வாடைக்காற்று, ஜனவரி 26

தாங்க முடியவில்லை என்பது எடுப்பதற்குக் காரணம் ஆகாது. ரயில் பாதை தூரமில்லை என்று நீங்களே எழுதினீர்கள். காது கேட்கும் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் கூப்பிடலாம், இவனை எப்படிக் கூப்பிடுவீர்கள்? எதிரே ரயில் ஊதினாலும் அவனுக்குத் தெரியாதே. முதல் நாயாக இவனை எடுக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். மூன்றாவது முறையும் அவன் திரும்பிப் போனால் அதன் பிறகு எவர் எடுப்பார்கள்?

வெள்ளாட்டு வைத்தியர், ஜனவரி 27

வாடைக்காற்று தம்பி கேட்பது சரியான கேள்வி, அதற்குப் பதில் ஒன்றுதான். வேலி இல்லாத இடத்தில் இவனை வாழ்நாள் முழுவதும் அவிழ்த்து விடக் கூடாது. ஒரு நாள்கூட. அதற்கு ஒப்புக்கொண்டால் மற்றவை கற்றுக்கொள்ளக்கூடியவை. செவிட்டு நாய் இயல்பாகவே கடிக்கும் என்பது பொய். திடுக்கிட்டு எழும்போது எந்த நாயும் வாய் வைக்கும். எழுப்பும்போது மகள் செய்தது போல மூக்கருகே கையைக் காட்டுங்கள், பிறகு தோளில் மெல்லத் தொடுங்கள், உடனே ஒரு துண்டு கோழி கொடுங்கள். இதை வீட்டில் எல்லாரும் நாளைக்குப் பத்து முறை செய்தால் தொடுவதே நல்ல சேதியாகிவிடும்.

கழுத்துப்பட்டையில் ‘காது கேட்காது’ என்று எழுதி உங்கள் தொலைபேசி எண்ணையும் தையுங்கள்.

கரைவலை, ஜனவரி 27

விசைப்படகில் எஞ்சின் ஓடும்போது நாங்கள் எவரும் வாயால் பேசுவதில்லை. வலையை இறக்கு, நிறுத்து, திருப்பு, எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் வேகம் குறை. கையைத் தன் பக்கம் வாரினால் வா. முஷ்டி மடக்கினால் நில். இருபது வயதுப் பையன் ஒரு வாரத்தில் படித்துவிடுகிறான். நாய் படிக்காதா? ஆனால் எல்லாரும் ஒரே சைகையைக் காட்ட வேண்டும். ஆளுக்கொரு சைகை காட்டினால் படகிலேயே கை போய்விடும்.

பனைமர நிழல், பிப்ரவரி 12

பாறை வீட்டுக்கு வந்து ஐந்து நாள். இரண்டு வாரத் தற்காலிக ஏற்பாட்டில்தான். வாடகைக் காரில் கொண்டுவந்தோம், பரமக்குடி தாண்டும்வரை நடுங்கினான்.

முதல் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. சோறு தொடவில்லை. மூன்றாம் நாள் இரவு, கரண்ட் போனபோது, என் மனைவியின் காலடியில் வந்து படுத்தான். இருட்டில் சைகை தெரியாது, அதனால் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல. நான்காம் நாள் ஒரு தலையணையையும் என் செருப்பையும் கிழித்தான். காலை நாலரைக்கு எழுந்து நடக்கிறேன். அவன் இழுக்கிற இழுப்பில் தோள்பட்டை வீங்கிவிட்டது.

வைகைக்கரை, பிப்ரவரி 12

கழுத்தில் கட்டாதீர்கள். நெஞ்சில் கயிறு மாட்டும் வார் கிடைக்கும், இழுத்தால் உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும். இழுத்தால் நின்றுவிடுங்கள், கயிறு தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் பத்து நிமிடத்தில் இருபது அடி போவீர்கள். போகட்டும்.

ஓட்டம் மட்டும் கொடுத்தால் இன்னும் பலசாலி ஆவான், களைக்க மாட்டான். மூக்குக்கு வேலை கொடுங்கள். சோற்றைத் தட்டில் வைக்காதீர்கள். தோப்பில் பனையடியில், காய்ந்த மட்டைக்குக் கீழே, பத்து இடத்தில் ஒளித்து வையுங்கள். காது இல்லாதவனுக்கு மூக்குத்தான் உலகம். அரை மணி நேரம் தேடியவன் மூன்று மணி நேரம் தூங்குவான்.

முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில்தான் வீடு என்பது எங்கள் கணக்கு. செருப்புகளை மேலே எடுத்து வையுங்கள்.

கரைவலை, பிப்ரவரி 13

காரல், சாளை மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிப் போடுங்கள், உடம்பு பிடிக்கும்.

வெள்ளாட்டு வைத்தியர், பிப்ரவரி 13

போடலாம், ஆனால் வேகவைத்து முள் எடுத்துப் போடுங்கள். சாளை, நெத்திலி போன்ற மீன்களில் பி1 உயிர்ச்சத்தைச் சிதைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது, பச்சையாகத் தினமும் தின்றால் நரம்பு கெடும். வேகவைத்தால் அது போய்விடும். கருவாடு கூடவே கூடாது, அவ்வளவும் உப்பு. உணவை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். நெஞ்சு ஆழமான பெரிய நாய் வயிறு நிறையத் தின்று உடனே ஓடினால் இரைப்பை திருகிக்கொள்ளலாம், சில மணி நேரத்தில் உயிர் போகும். உண்டபின் ஒரு மணி நேரம் படுத்திருக்கட்டும்.

பனைமர நிழல், மார்ச் 3

ஒரு தவறு நடந்துவிட்டது. முழுக்க என் தவறு.

தோப்பில் அவிழ்த்து விட்டிருந்தேன். வேலி ஐந்தடி, தாண்ட மாட்டான் என்று நம்பினேன். அவன் தாண்டவில்லை. மணலைத் தோண்டிக் கீழே போய்விட்டான். நான் வாசலுக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டு அத்தையின் ஆட்டுக்கூட்டம் சிதறி ஓடியது. ஒரு குட்டியின் தொடையைக் கவ்விவிட்டான். அத்தை கத்துகிறார், நான் கத்துகிறேன், எதுவும் அவனுக்கு எட்டவில்லை. மகள் மட்டும் கத்தாமல் எதிர்ப்பக்கம் ஓடிப்போய் அவன் கண்ணுக்கு நேரே நின்று இரண்டு கையாலும் ‘வா’ என்று வாரினாள். விட்டுவிட்டு வந்தான்.

குட்டிக்கு நான்கு தையல். பிழைத்துக்கொண்டது. மருந்துச் செலவும் குட்டியின் விலையும் கொடுத்தேன், அத்தை மருந்துச் செலவை மட்டும் எடுத்துக்கொண்டார். “இனி ஒரு தடவை வந்தால் நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்” என்றார். அவர் சொல்வது நியாயம், அந்த ஆடுகள்தான் அவருடைய வங்கி. நேற்றிலிருந்து பாறை திண்ணைத் தூணில் கட்டிக் கிடக்கிறான். வாடைக்காற்று அண்ணன் எழுதிய வட்டம் என் கண்முன் நிற்கிறது. என்ன செய்வது?

வாடைக்காற்று, மார்ச் 3

அவிழ்த்து வீட்டுக்குள் விடுங்கள், இன்றே.

மணல் நிலத்தில் வேலி மேலே நிற்பது மட்டும் போதாது, கீழேயும் போக வேண்டும். வேலி ஓரமாக இரண்டடி ஆழம் பறித்து, கம்பி வலையை இறக்கி, அடியில் ஓரடி உள்பக்கமாக மடக்கி, மேலே உடைகல் போட்டு மூட வேண்டும். தோண்டும்போது நகம் கம்பியில் படும், விட்டுவிடுவான். அறுபது சென்ட் முழுவதும் வேண்டாம், வீட்டை ஒட்டிப் பத்து சென்ட் போதும். பழைய மீன் வலையைக் கட்டலாம் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள், கால் சிக்கிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுப்பு. காலை ஏழு மணிக்கு வருகிறேன். கடப்பாரை இருக்கிறதா, கொண்டு வரவா?

பனைமர நிழல், மார்ச் 10

இரண்டு ஞாயிறு வேலை என்று நினைத்தது ஒரே நாளில் முடிந்தது. அண்ணன் மட்டும் வரவில்லை, அவருடைய தம்பியும் வந்திருந்தார். அவருடைய வலது கை மணிக்கட்டில் பழைய தழும்பு இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே போய்ப் பாறையின் மூக்கருகே அந்தக் கையை நீட்டினார்.

காப்பகத்துக்கு எழுதிவிட்டோம். இனித் தற்காலிகம் இல்லை.

நவபாஷாணத் தெரு, மார்ச் 10

அம்மா எப்படி இருக்கிறார்கள்?

பனைமர நிழல், மார்ச் 11

அம்மா நன்றாக இருக்கிறார், அக்கா. உள்ளங்கையைக் கீழே அமுக்கும் சைகைக்கு அவன் முதலில் கட்டுப்பட்டதே அவரிடம்தான். நாங்கள் வாயாலும் சேர்த்துப் பேசி, முகத்தைத் திருப்பி, குழப்பிவிடுகிறோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவன் பார்க்கும்வரை பொறுத்திருந்து ஒரே முறை காட்டுகிறார். இப்போது அவர் எழுந்தால் அவன் படுத்துவிடுகிறான். இன்னும் மற்றவர்கள் மேல் தாவுகிறான், அதை மறைக்க விரும்பவில்லை.

வெள்ளாட்டு வைத்தியர், ஏப்ரல் 14

சித்திரை பிறந்துவிட்டது. மணலில் புறங்கையை வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அவன் பாதமும் வேகும். காலை ஆறரைக்கு மேலும் மாலை ஆறுக்கு முன்னும் வெளியே வேண்டாம். நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி, 41 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் முதலில் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும் வெயிலில் புண்ணாகும், அதையும் பாருங்கள்.

பனைமர நிழல், ஏப்ரல் 16

ஐயா, நாலரை மணி நடையைத்தான் தொடர்கிறோம். இழுப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. நேற்று அரியமானில் கயிற்றின் நீளம் முடியும்வரை ஓடியவன் தானாக நின்று திரும்பி என் கையைப் பார்த்தான். நான் எதுவும் காட்டவில்லை. பார்த்துவிட்டு மறுபடி ஓடினான். முப்பதடிக் கயிறு அவனுக்குப் போதவில்லை. இன்னும் நீளமாக, கையை அறுக்காத கயிறு எங்கே கிடைக்கும்?

கரைவலை, ஏப்ரல் 16

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை நான் கரையில்தான். பத்துப் பாகம் (அறுபது அடி) பருத்திக் கயிறு ஒன்று வீட்டில் கிடக்கிறது, நைலான் இல்லை. சனிக்கிழமை விடியற்காலை அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கொண்டுவந்து தருகிறேன். முடிச்சை நானே போடுகிறேன்.